இடுக்கி பண்ணிய கூத்து

இரும்பு, நிக்கல், கோபால்ட். பள்ளிக்கூடத்தில் நமக்குக் காந்தம் என்றால் இந்த மூன்றுதான். ஹாஃப்னியம் ஆக்சைடும் காந்தமாகும் என்று சொல்லியிருந்தால் வாத்தியார் காதைத் திருகியிருப்பார். காந்தத்துக்கு வேண்டிய 'டி' எலக்ட்ரான்கள் அதில் மருந்துக்கும் கிடையாது.

ஆனால் 2004-இல், டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியின் வெங்கடேசன், ஃபிட்ஸ்ஜெரால்டு, கோயி மூவரும் அந்த ஆக்சைடின் மெல்லிய படலம் அறை வெப்பநிலையிலேயே காந்தமாக இருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கோயி காந்தவியலில் பெரிய கை. எனவே யாரும் சிரித்து ஒதுக்கவில்லை.

கணினிச் சில்லுகளில் மின்காப்புக்காக இதே ஆக்சைடைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஐபிஎம் ஆய்வகத்தின் ஆபிரகாம், ஃபிராங்க், குஹா ஆகியோர் சிலிக்கான் மேல் படிய வைத்த படலங்களைச் சோதித்தார்கள். சுத்தமாகக் கையாண்டவற்றில் காந்தம் இல்லை. எவர்சில்வர் இடுக்கியால் பிடித்து எடுத்தவற்றில் மட்டும், டப்ளின்காரர்கள் சொன்னது போன்ற காந்தக் குறி வந்தது! 2005-இல் அதை வெளியிட்டார்கள்.

எவர்சில்வரில் பெரும்பங்கு இரும்புதானே. (நம் வீட்டு டம்ளரிலும் அப்படித்தான்.) இடுக்கியின் நுனி உரசிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டிக்கொள்கிறது. படலமோ மிக மெல்லியது. அதிலிருந்து வரும் குறியும் அற்பம். ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான இரும்பே அதை மிஞ்சிவிடும்.

'இல்லை' என்று காட்டும் கட்டுரைக்குப் புகழ் குறைவு. எனக்கென்னவோ இரண்டாவது கட்டுரைதான் உசத்தி. பின்னாளில் இத்துறையில் எழுதிய சிலர், மாதிரியைப் பிளாஸ்டிக் இடுக்கியால்தான் எடுத்தோம் என்று தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.