காளைக்கு வம்சாவளி உண்டு. செத்த மாட்டைத் தூக்கியவருக்கு?

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. சிப்காட் கம்பெனி வண்டியில் ஷிஃப்டுக்குப் போகும் நம்மில் பலர் அதன் வரலாற்றைக் கேட்டதில்லை. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் அரசின் அமிர்த மஹால் மாடுகள் ஹைதர் அலி, திப்பு காலத்தில் பீரங்கி இழுத்தன. மந்தையை அரசு பேணியதற்குப் பின்னால் படையின் தேவை இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் ஓசூர் மாட்டுப் பண்ணையாகப் பெயர் பெற்றது. சிவப்பு சிந்தி மந்தை இங்கே வளர்ந்தது. இங்கே பணியாற்றிய லிட்டில்வுட் என்ற அதிகாரி, தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆலம்பாடி, பர்கூர், காங்கேயம் மாடுகளின் கொம்பு, திமில், நிறம் எல்லாம் அதில் பதிவாயின.

பண்ணை நிர்வாகம் என்றாலே பதிவேடுதான். பொலிகாளையைத் தேர்ந்தெடுக்க அதன் தாய் கறந்த பாலின் கணக்கைப் பார்க்க வேண்டும். தன் மகளோடு சேராதபடி காளையை மாற்ற வேண்டும். புதிதாக வந்த மாட்டைத் தனியே கட்ட வேண்டும். கோமாரிக்குத் தடுப்பூசி, கருச்சிதைவு நோய்க்குப் பரிசோதனை உண்டு. 1940இல் வந்த சென்னை மாகாணக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் காளைக்கு உரிமம் கேட்டது. உரிமம் இல்லாத காளையைக் காயடிக்க உத்தரவிடலாம்.

இது உயிருள்ள மாட்டின் கதை. மந்தை நலத்தின் மறுபாதி, மாடு செத்த பிறகு தொடங்குகிறது.

வெக்கை நோய் வந்தால் தொழுவம் தொழுவமாக மாடுகள் சாகும். அதை விசாரித்த இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871இல் அறிக்கை கொடுத்தது. அப்போது செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போனது யார்? சேரி மக்கள். கூலி கிடையாது, ஊர் வேலை என்று பெயர். தோலுரித்த அந்தக் கைகள்தான் குடலில் இருந்த புண்ணை முதலில் பார்த்திருக்கும். ஆனால் அதை யாரும் அறிவு என்று சொல்லவில்லை, தீட்டு என்றார்கள். வட இந்தியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைக்கிறவர்கள் என்று சமார் மக்கள் மீது காலனிய போலீஸ் குற்றம் சுமத்தியது. கொள்ளைநோயில் செத்த மாடுகளுக்கும் அவர்களே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1927இல் மகாடில், செத்த மாடு தூக்குவதை விடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் அழைத்தது இந்தப் பின்னணியில்தான். மறுப்பது அன்று பட்டினிக்கும் அடிக்கும் துணிவது. வெக்கை நோய் ஒழிந்ததாக 2011இல் உலகம் அறிவித்தது. செத்த மாட்டைத் தூக்கச் சொல்லிப் பட்டியல் சாதியினரைக் கட்டாயப்படுத்துவது வன்கொடுமை என்று சட்டத்தில் எழுத 2016 ஜனவரி வரை ஆனது. அதே ஆண்டு ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். தூக்கச் சொல்வதும் ஊர், தூக்கினால் அடிப்பதும் ஊர்.

இதில் மானம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. அடைப்பான் நோயில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது. கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், மனிதருக்கும் தொற்றும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். இந்த அறிவு பண்ணைக்குள் இருக்கிறது. வெறுங்கையோடு கயிறு பிடிப்பவரிடம் அதை யார் சொன்னார்கள்?

ஆகவே நாம் கேட்பது கருணை அல்ல. தடுப்பூசியும் சினை ஊசியும் அரசு வேலை என்றால், செத்த மாட்டை அகற்றுவதும் அரசு வேலைதான். இயந்திரம், கையுறை, முறையான சம்பளம் வேண்டும். எந்தச் சாதிக்காரரும் செய்யும் வேலையாக அது மாற வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொலிகாளையின் பாட்டி பெயர் வரை பதிவேட்டில் இருக்கும். நம் தாத்தாக்கள் தூக்கிய மாடுகளுக்குக் கணக்கு இல்லை. உங்கள் தெருப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். இந்தப் பதிவேட்டை நாம்தான் தொடங்க வேண்டும்.

ஜெய் பீம்.