ஓகே பட்டன் தெரியாத லேப்டாப்

2009-ல் தங்கை பொறியியல் முதலாமாண்டு சேர்ந்தாள். சீட்டு எடுத்த பணத்தில் 17 ஆயிரத்தை அப்பா என் கையில் கொடுத்து, "நீதான கம்ப்யூட்டர் படிக்கிற, பாத்து வாங்கிக் குடு" என்றார். நான் அப்போது மூன்றாமாண்டு. அந்த வருடம் எல்லோரும் நெட்புக் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து அங்குலத் திரை, ஒரு கிலோ சொச்சம் எடை, ஹேண்ட்பேக்கில் அடங்கிவிடும். வாங்கிவிட்டோம்.

ஒரே வாரத்தில் விடுதியிலிருந்து போன். "அண்ணே, ட்ராயிங் சாப்ட்வேர் போடுறேன், ஓகே பட்டனையே காணோம்."

பட்டன் இருந்தது, திரைக்குக் கீழே. அந்தத் திரையின் உயரம் 600 பிக்சல். மென்பொருள் எழுதியவர் குறைந்தது 768 இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார். "டேப் கீயை நாலு தடவை தட்டிட்டு எண்டர் அடிச்சுப் பாரு" என்றேன். வேலை செய்தது. நான்கு வருடம் அவள் கண்ணுக்குத் தெரியாத பட்டன்களை எண்ணி எண்ணி அழுத்தித்தான் படித்தாள். "கொறஞ்ச காசுக்கு வாங்குனா அப்படித்தான்" என்று அப்பா சொன்னதை நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மலிவு லேப்டாப்பின் வரலாற்றை உட்கார்ந்து படித்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

2005 ஜனவரியில் டாவோஸில், எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 100 டாலர் லேப்டாப் என்ற யோசனையை அறிவித்தார். உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் மாநாட்டில் மாதிரியைக் காட்டினார்கள். பச்சை நிறம், கையால் சுற்றி மின்சாரம் எடுக்க ஒரு மஞ்சள் கைப்பிடி. மேடையில் ஐநா பொதுச்செயலர் கோஃபி அன்னான் சுற்றியபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது. 2006-ல் இந்தியாவின் மனிதவள அமைச்சகம் இந்தத் திட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. 2007 இறுதியில் கருவி உற்பத்திக்கு வந்தபோது கைப்பிடியும் இல்லை, 100 டாலரும் இல்லை. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அதைத் தோல்வி என்று சிரித்துக் கடப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேரி லூ ஜெப்சன் அதற்காக வடிவமைத்த திரையை நல்ல வெயிலில் வைத்தும் படிக்கலாம். இன்று நான் வேலைக்குப் பயன்படுத்தும் விலையுயர்ந்த லேப்டாப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனால் என் முகம்தான் தெரிகிறது.

100 டாலர் பேச்சு கிளப்பிய சூட்டில்தான் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 2007 ஜூனில் ஈ பிசியைக் காட்டியது, அக்டோபரில் விற்பனை. ஏழு அங்குலத் திரை, 800-க்கு 480 பிக்சல், 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் சிப்பை 630-க்கு இறக்கி ஓட்டினார்கள். 512 எம்பி நினைவகம், 4 ஜிபி சேமிப்பு. காகிதத்தில் பார்த்தால் பரிதாபம். ஆனால் உள்ளே இருந்தது ஸான்ட்ரோஸ் என்ற லினக்ஸ், அதன் முகப்பை அந்தக் குட்டித் திரைக்கென்றே அமைத்திருந்தார்கள். இணையம், வேலை, கற்றல், விளையாட்டு என்று மேலே தாவல்கள், கீழே கட்டைவிரல் பருமனுக்குச் சின்னங்கள். சிறியது என்று தெரிந்தே செய்த சிறியது.

அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டது. அவர்களின் விஸ்டா இதில் நகரவே நகராது. பழைய எக்ஸ்பியை 2008 ஜூனோடு நிறுத்துவதாக இருந்தார்கள். அந்த ஏப்ரலில், மலிவுக் கணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பி தொடரும் என்று அறிவித்தார்கள். உரிமம் மலிவு, ஆனால் நிபந்தனை உண்டு: நினைவகம் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. திரைக்கும் ஓர் உச்சவரம்பு. அதைப் பிற்பாடு தளர்த்தினார்கள். மலிவானது ரொம்ப நன்றாக இருந்துவிட்டால் 40 ஆயிரம் ரூபாய் லேப்டாப்பை யார் வாங்குவார்கள்? வாங்குபவர்களும் பழகிய விண்டோஸைத்தான் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். இப்படித்தான் பெரிய திரைக்கு வரைந்த மென்பொருள் சின்னத் திரைக்குள் வந்து விழுந்தது. தங்கையின் ஓகே பட்டன் காணாமல் போனது இங்கேதான்.

அந்த 1 ஜிபி கணக்கை நானே சோதித்திருக்கிறேன். அவளுடைய மூன்றாமாண்டில் பின்பக்கம் இரண்டு திருகைக் கழற்றி, பழைய 1 ஜிபி குச்சியை எடுத்துவிட்டு 2 ஜிபி குச்சியைச் செருகினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. வரம்பு ஒப்பந்தத்தில் இருந்தது, இயந்திரத்தில் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அதை மொதல்லயே போட்டுத் தந்தா என்னவாம்?" என்றார். வியாபாரம் தெரியாத மனிதர் அல்ல, பலசரக்குக் கடை வைத்திருந்தவர்.

2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இன்னும் ஒரு படி மேல். வால்பேப்பரை மாற்ற முடியாது! ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்கு மேல் திறக்கக்கூடாது என்றுகூட முதலில் திட்டம் வைத்திருந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டார்கள். 2010-ல் ஐபேட் வந்ததும் நெட்புக்கின் காலம் சரியத் தொடங்கியது. 2013-க்குள் கதை முடிந்தது.

இதற்கு நடுவில் தமிழ்நாட்டில் வேறொன்று நடந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. எல்காட் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கியது. 14 அங்குலத் திரை, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு. விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும். இலவசம் என்று ஏளனம் செய்தவர்கள் நிறைய. என் வகுப்பிலும் இருந்தார்கள். சுயநிதிக் கல்லூரி என்பதால் எங்கள் யாருக்கும் கிடையாது, அந்த வயிற்றெரிச்சலும் அதில் சேர்த்தி. ஆனால் வாங்கியவர்கள் பிள்ளைக்குச் சின்னது போதும் என்று நெட்புக்கைக் கட்டிவிடவில்லை. முழு லேப்டாப் கொடுத்தார்கள். சித்தி பையன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. 2012-ல் அவனுக்கு வந்ததை லீவில் கடன் வாங்கித்தான் தங்கை இறுதியாண்டு ப்ராஜெக்டை வரைந்தாள். "டேய், இதுல கீழ வரைக்கும் தெரியுதுடா" என்றாள் அவனிடம். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

போன மாதம் மாமா பெண் கேட்டாள், 25 ஆயிரத்துக்குள் எது வாங்கலாம் என்று. கடைகளில் அந்த விலைக்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு என்று இன்னும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் அதுவேதான். பெட்டியைத் திறந்த நாளிலேயே பாதி இடம் போயிருக்கும், அடுத்த அப்டேட்டுக்கு இடம் இருக்காது. நினைவகத்தை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள் என்பதால் திருகைக் கழற்றியும் பயனில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய லேப்டாப் ஒன்றை ரிச்சி தெருவில் பார்க்கச் சொன்னேன்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல், 8 ஜிபி, எஸ்எஸ்டி, பேட்டரியைப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லி.

துணைக்குத் தங்கை போனாள். விலை பேசுவதற்கு முன்னாலேயே பென்டிரைவிலிருந்து எதையோ இன்ஸ்டால் செய்து பார்த்தாளாம். கடைக்காரர் முறைத்திருக்கிறார்.