புதுக்கோட்டை மாவட்ட நிலக்கடலை: ரகமும் விதையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண், செம்புரை மண் நிலங்களில், குறிப்பாக ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வக்கோட்டைப் பகுதிகளில், ஆடிப்பட்டத்தில் மானாவாரியாகவும் மார்கழிப்பட்டத்தில் இறவையிலும் விளையும் எண்ணெய்வித்துப் பயிர் நிலக்கடலை.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. இரண்டு காட்டினங்கள் கலந்து சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருவான இச்செடிக்குக் குரோமோசோம்கள் 40, காட்டினங்களுக்கோ 20. அதனால் அவற்றோடு மீண்டும் எளிதில் கலக்கவில்லை. பூவும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்பிடிக்கும். காயிலும் கொடியிலும் வேறுபாடு நிறையத் தெரிந்தாலும் மரபணு அளவில் நிலக்கடலை குறுகிய குடும்பமே.

தமிழ்நாட்டின் முற்கால ரகங்கள் இருந்ததிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவை. திண்டிவனத்தில் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து 1940இல் டி.எம்.வி. 2, டென்னசி ஒயிட்டிலிருந்து 1967இல் டி.எம்.வி. 7 வந்தன. ஜே.எல். 24, கோ 2 ஆகியவற்றை ஒட்டுச்சேர்த்து 1989இல் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 2 ரகத்தைத் தந்தது. காட்டினத்தின் துரு, இலைப்புள்ளி நோய் எதிர்ப்பு, தார்வாடின் ஜி.பி.பி.டி. 4 போன்ற ரகங்களில் பின்னரே சேர்ந்தது. ஐதராபாத் அருகே இக்ரிசாட் எனும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கியில் சுமார் 15,000 நிலக்கடலை மாதிரிகள் உள்ளன. அங்கு உருவான வழித்தோன்றல் ஒன்றே 2013இல் கோ 7 ஆயிற்று.

நல்ல ரகம் வெளியானாலும் வயலுக்கு வந்துசேர ஆண்டுகள் ஆகும். எக்டேருக்கு 125 கிலோ பருப்பு விதைக்க வேண்டும். அது எட்டு, பத்து மடங்கே பெருகும். எள்ளுக்கு 5 கிலோ போதும். விதைநிறுவனங்களுக்கு இதில் ஆதாயம் குறைவு. ஆகவே விவசாயி தன் களத்துக் கடலையையே எடுத்து வைக்கிறார், அல்லது சந்தையில் வாங்குகிறார். மாவட்டத்திலுள்ள வம்பன் ஆராய்ச்சி மையமோ பயறு வகைகளுக்கானது.

சான்று விதைக்குக் குறைந்தது 70 விழுக்காடு முளைப்புத்திறன், 96 விழுக்காடு சுத்தம், 9 விழுக்காட்டுக்கு மிகாத ஈரப்பதம் விதிக்கப்பட்டுள்ளன. தானியங்களைவிட முளைப்பு வரம்பு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு: எண்ணெய் மிகுந்த பருப்பு சிக்கடித்து விரைவில் உயிர் இழக்கும், மெல்லிய தோல் இயந்திரத்தில் உரியும். அதனால் விதைக்கடலையைத் தோட்டோடு காயவைத்து, விதைப்பு நெருங்கும்போது உடைப்பார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த செம்புரை மண்ணில் பொக்குக் காய் பெருகும். அதைத் தவிர்க்க மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது பரிந்துரை.

கொடி ரகங்களுக்கு விதை உறக்கம் உண்டு; பரவலாகப் பயிராகும் கொத்து ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. அறுவடைத் தறுவாயில் மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். இரண்டு மூன்று வாரம் மட்டும் உறங்கும் கொத்து ரகத்தை உருவாக்குவது பயிர்ப்பெருக்கத்தின் நெடுநாள் இலக்குகளில் ஒன்று.