இலையுதிர்காலத்து அசனம்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார், ஆனா மெஷினைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்று மலர்க்குழு நண்பர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை நிமித்தமாக அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு இலையுதிர்காலங்களைக் கழித்தவன் நான். அந்தப் பக்கத்து லுத்தரன் சபைகளைப் பற்றிப் பார்த்ததையும் படித்ததையும் இங்கே தருகிறேன்.

லுத்தரன் என்றதும் நமக்குத் தரங்கம்பாடியும், 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். மின்னசோட்டாவுக்கும் நமக்கும் இடையே இன்னொரு பாலம் உண்டு. அவர் பெயர் ஹேயர். அமெரிக்க லுத்தரன்கள் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் போதகர் அவர். 1842-ல் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தார். ஊர் திரும்பிய பின் மின்னசோட்டாவில் குடியேறிகளிடையே சபைகளை அமைத்தார். 1860-ல் அங்கே லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பு உருவானபோது முதல் தலைவரும் அவரே. எழுபதைத் தாண்டிய வயதில் மறுபடியும் கப்பலேறி ஆந்திரக் கரைக்கு வந்தார் என்றால் மனிதரின் தெம்பைப் பாருங்கள்!

அந்த ஊர்களில் ஜெர்மானியர், ஸ்வீடன்காரர், நார்வேக்காரர் என்று பலர் குடியேறினார்கள். 1862-ல் வந்த நிலச் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் என்றது. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் கிடையாது. நவம்பரில் பனி விழத் தொடங்கினால் ஏப்ரல் வரை குளிர்தான். ஆகவே அறுவடை முடிந்து பனி மூடுவதற்குள் கிடைக்கும் சில வாரங்களில்தான் எல்லாரும் கூட முடியும். லூத்தர் 1517-ல் தம் 95 கருத்துக்களை வெளியிட்ட நாளாகிய அக்டோபர் 31-ம் இந்தப் பருவத்தில்தான் வருகிறது.

கூடினால் சாப்பாடு இல்லாமலா? நார்வே வழிச் சபைகளில் 'லூட்டஃபிஸ்க்' விருந்து பிரசித்தம். காய்ந்த காட் மீனைக் காரநீரில் ஊறவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி அலசி வேகவைப்பார்கள். கொழகொழவென்று இருக்கும். தொட்டுக்கொள்ள உருக்கிய வெண்ணெய். கூடவே உருளைக்கிழங்கு மாவில் சுட்ட 'லெஃப்ஸா', பார்த்தால் நம் சப்பாத்திக்குத் தங்கச்சி மாதிரி! மேடிசன் என்ற ஊர் இந்த மீனுக்குப் பெரிய சிலையே வைத்திருக்கிறது. நம்மூர் சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று வாழைத்தாரும் கோழியும் ஏலம் போகும், அசனம் நடக்கும் அல்லவா? அதன் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விருந்துகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். சபைக் கூட்டங்களில் நெடுங்காலம் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் மாதர் உதவிச் சங்கம் வைத்து, காப்பி விற்று, கையால் பின்னியதை ஏலம் விட்டுச் சேர்த்த பணத்தில்தான் பல கோயில்களுக்கு மணியும் அடுப்பும் வந்தன. அந்த மாதிரிச் சங்கங்களின் காசு நம் பக்கமும் வந்தது. 1883-ல் குண்டூருக்கு வந்த டாக்டர் அன்னா குக்ளரை அனுப்பியது லுத்தரன் பெண்கள் சங்கமே. ஓட்டில்லாத கைகள் கடல் கடந்தும் வேலை செய்தன.

1945-ல், போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவ லுத்தரன் உலக நிவாரண அமைப்பு தொடங்கியது. பழைய துணிகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கும் அந்தப் பெண்களின் வழக்கத்துக்கு இது பெரிய வாய்க்கால் ஆயிற்று. போர்வையின் அளவு 60-க்கு 80 அங்குலம். மூன்று அடுக்கையும் நுணுக்கத் தையல் போடாமல் ஆங்காங்கே நூல் முடிச்சுப் போட்டே இணைப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், தையல் தெரியாதவரும் உட்காரலாம். அகதி முகாமில் அதுவே பாய், அதுவே மறைப்பு, அதுவே தூளி. கோடை முழுக்கத் தைத்ததை இலையுதிர்காலத்தில் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். ஒரு சனிக்கிழமை நானும் மூட்டை தூக்கினேன். "என்ஜினீயரா? அப்போ எண்ணிக்கையை நீ பார்த்துக்கோ" என்று ஒரு பாட்டியம்மா நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன மதம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இன்று நிலைமை சுகமாக இல்லை. 1988-ல் மூன்று சபைகள் இணைந்து அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானபோது உறுப்பினர் 50 லட்சத்துக்கு மேல். 2022-ல் அது 30 லட்சத்துக்கும் கீழே. பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்தன, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். நான் கண்ட தையல் மேசையில் அறுபதுக்குக் குறைந்த வயதினர் இரண்டே பேர். அந்த முடிச்சுகளை அடுத்து யார் போடுவார்கள் என்பதுதான் அங்கே எல்லார் மனதிலும் இருந்த கேள்வி.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்று தோன்றுகிறது. வெறும் விருந்து என்றால் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் புதியவருக்கும் மேசையில் இடம் கிடைக்கும். அடுத்த சந்திப்பில் குரூப் போட்டோ முடிந்ததும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். பழைய பாடப்புத்தகங்களை அட்டை போட்டு, முதலாம் ஆண்டில் சேரும் ஏழை மாணவர்களுக்குக் கட்டி வைப்போம். தம்பி தங்கைகளே, எண்ணிக்கை நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். மூட்டை தூக்க நாங்கள் வருகிறோம்.