காற்றுப் பையும் ஈரக்காற்றும்

உயிர்காக்க வைத்த காற்றுப் பையே உயிர் பறித்த வரலாறு இது. 2014 ஜூலையில் சரவாக் மாநிலம் சிபுவில் 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி கார் ஒன்று விபத்துக்குள்ளானது. பை விரிந்தபோது உலோகத் துண்டு பாய்ந்து, ஓட்டி வந்த கர்ப்பிணி மாண்டார். குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இக்குறையால் நேர்ந்த முதல் மரணம் அதுவே.

ஜப்பானின் தகாத்தா நிறுவனம் பையை விரிக்க அம்மோனியம் நைட்ரேட்டை வைத்தது. உரம் செய்யவும் பயன்படும் உப்புதான். ஈரம்பட்ட உர மூட்டை என்ன ஆகும் என்பது தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் வெக்கையும் ஈரமும் ஏற, மருந்து நைந்து, அளவாக எரியாமல் வெடித்து, இரும்புக் குப்பியையே சிதறடித்தது. குளிர்நாடுகளைவிடச் சாஆ போன்ற ஊர்களில் ஆபத்து கூடுதல்.

2017இல் தகாத்தா திவாலானது. ஹோண்டா கார்களைத் திரும்ப அழைத்து, குப்பியை இலவசமாகவே மாற்றித் தந்தது. ஆனால் கைமாறிய பழைய கார்களுக்குரிய கடிதம் பல சமயம் முதல் உரிமையாளரோடு நின்றுவிடுகிறது. நம்மவரில் சிலர் வாங்குவதும் அத்தகைய கார்களே. சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டால் விற்பனை நிலையத்தார் பார்த்துச் சொல்வார்கள்.