கடல் கடந்தோரின் மனத்துயர்

எம்.ரெட்டியபட்டி உள்ளிட்ட அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் கண்மாயை நம்பிய வறண்ட பூமி. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்புவது இப்பகுதியில் பழைய வழக்கம். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் தென் மாவட்டத்தார் பெருந்திரளாக இலங்கை சென்றனர்.

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி, பெரும்பாலும் தம் ஊராரையும் உறவினரையும் குடும்பத்தோடு அழைத்துப்போனார். முன்பணக் கடன் தொழிலாளரைக் கட்டிப்போட்டது. கங்காணியின் அதிகாரமும் கொடிது. ஆயினும் லயத்தின் அடுத்த அறையில் சொந்தம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் உடன் வந்தன.

பீஜித் தீவு வேறு. 1903 முதல் சென்னை மாகாணத்தவரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கு கொண்டுபோகப்பட்டனர். பலர் தனியாகப் பதிவானவர்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதே விதி. 1915-இல் நேரில் ஆராய்ந்த சி.எஃப். ஆண்ட்ரூஸும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும், ஒப்பந்தக் கூலிகளிடையே தற்கொலை தாயகத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் கண்டனர். அதிகாரிகளோ பெண்கள் குறைவு, அதனால் பொறாமை என்றனர். அது பாதிக் காரணமே. ஆறுதல் சொல்ல மூத்தாரோ உறவினரோ இல்லாததை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 1920 சனவரி 1-இல் எஞ்சிய ஒப்பந்தங்கள் ரத்தாயின.

இலங்கையில் இருந்த உறவுத் துணையும் பின்னர் சிதைந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை எனக் குடும்பங்கள் பிரிந்தன.