கோலில் நில்லுடா

சென்னை வியாசர்பாடியில் எங்கள் தலைமுறைக்குக் கோல் கீப்பர் பயிற்சி என்று ஒன்று கிடையாது. ஓட்டத்தில் பிந்தியவனைப் பார்த்து, "நீ கோலில் நில்லுடா" என்பார்கள். அப்படித்தான் நானும் நின்றேன். இரண்டு பக்கமும் செங்கல், கீழே கட்டாந்தரை. விழுந்து முழங்கை உரிந்தால் தேங்காய் எண்ணெய்.

அந்த இடத்துக்கும் மரியாதை உண்டென்று எனக்குப் புரியவைத்தது இந்தியக் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜின் கதை. ராணுவத்தில் சேர்ந்து, சென்டர் பார்வர்டாகத் தொடங்கி, கோலுக்கு வந்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகள். 1962 ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம். 1967இல் அர்ஜுனா விருது. பின்னாளில் நானே பயிற்சியாளனானேன்; என்னிடம் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொட விடுவேன்.

1992இல் விதி மாறியது. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் இனிக் கையில் எடுக்கக்கூடாது. எங்கள் பயிற்சியே புரண்டது. அதுவரை கைக்குத்தான் பாடம். பிறகு இரண்டு காலுக்கும் பாடம்.

விழக் கற்றுக்கொடுப்பதுதான் இன்றும் கடினம். முதலில் மண்டியிட்டுப் பக்கவாட்டில் சாயச் சொல்வேன்: தொடை, இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரை தொட வேண்டும், முழங்கை ஊன்றக்கூடாது. பிறகு குந்தி, கடைசியில் நின்று. முழு அளவுக் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பத்து வயதுக் கைக்கு எட்டாது. அதனால் குறுக்கே கயிறு கட்டி, நெருக்கமாகக் கம்பு நட்டுச் சிறிதாக்குவேன். பிள்ளை வளர வளரக் கயிற்றை ஒரு சாண் உயர்த்துவேன்.